உயிருள்ள உடலை வரையும்போது எதை விட்டுக்கொடுப்பது?

ஜெர்மானிய ஓவியர் கேத்தே கோல்விட்ஸ் 1933-ல் தன்னைத்தானே வரைந்த கரி ஓவியம் ஒன்று வாஷிங்டனில் உள்ள தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கிறது. பழுப்புத் தாள். பக்கவாட்டில் திரும்பிய முகம். எதிரே ஒரு பலகை, அதில் கரியை வைத்து அழுத்தும் விரல்கள். முகத்தையும் விரல்களையும் ஒளி நிழல் பார்த்து நிதானமாக வரைந்திருக்கிறார். இரண்டுக்கும் நடுவே புயமும் முழங்கையும் இருக்க வேண்டும். அந்த இடத்தில் கரித்துண்டைப் படுக்கவைத்து மேலும் கீழுமாக இழுத்த முரட்டு இழுப்புகள் மட்டுமே இருக்கின்றன. சட்டை மடிப்பு கிடையாது, முழங்கை எலும்பு கிடையாது. ஆனாலும் கை விடுபட்டுவிட்டதாக யாருக்கும் தோன்றாது. வரையும் கையின் வேகமும் தோளிலிருந்து விரல்வரை ஓடும் இறுக்கமும்தான் அந்தப் படத்தில் முதலில் கண்ணில் படும்.

கோல்விட்ஸுக்குப் புயம் வரையத் தெரியாது என்று யாரும் சொல்லமாட்டார்கள். அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. வாழ்நாளில் பெரும்பகுதியை மனித உடலை வரைவதிலேயே கழித்திருந்தார். முகத்துக்குக் கொடுத்த பொறுமையைப் புயத்துக்கும் கொடுத்திருந்தால் நல்ல, சரியான, சாதுவான ஒரு படம் கிடைத்திருக்கும். அதைத்தான் அவர் வேண்டாம் என்று விட்டார். எந்த இடத்தில் விவரத்தைக் கைவிட வேண்டும் என்ற அந்த முடிவிலிருந்துதான் உணர்ச்சி வெளிப்பாட்டு உத்திகளைப் புரிந்துகொள்ளத் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

லைஃப் டிராயிங் என்பது உயிருள்ள ஒருவரை எதிரே நிறுத்தியோ உட்காரவைத்தோ, நேரில் பார்த்து வரைவது. புகைப்படத்தைப் பார்த்து வரைவது இதில் சேராது. புகைப்படத்தில் உடலைத் தட்டையாக்கும் வேலையை கேமரா முன்பே முடித்துவிடுகிறது. நேரில் நிற்பவரோ மூச்சு விடுகிறார், களைக்கிறார், அவரை அறியாமலே பாரத்தை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றுகிறார். ஐந்து நிமிடத்துக்கு முன் பார்த்த தோள் இப்போது அங்கே இல்லை. புதிதாக வருகிறவர்களுக்கு இது பெரிய தொல்லையாகத் தெரியும். இந்தத் தொல்லைக்காகத்தான் ஐரோப்பியக் கலைக்கூடங்கள் நூற்றாண்டுக் கணக்கில் மாடல்களை அமர்த்தி வந்திருக்கின்றன.

வகுப்பில் முதலில் கற்றுத் தருவது அளவெடுப்பது. கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலால் தலையின் நீளத்தை அளந்து, உடல் எத்தனை தலை என்று எண்ணுவது. இது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் இதோடு கூடவே சில பழக்கங்களும் ஒட்டிக்கொள்கின்றன. தலையில் ஆரம்பித்துக் கீழே இறங்கி, பாதத்துக்குத் தாளில் இடமில்லாமல் திண்டாடுவது. ஒரே கோட்டை இழுக்கத் துணியாமல் சிறுசிறு கீறல்களால் விளிம்பைத் தடவித் தடவிப் போவது. மாடலை ஒரு நொடி பார்த்துவிட்டுத் தாளைப் பத்து நொடி பார்ப்பது. பிடிக்காத கோட்டை உடனே ரப்பரால் அழிப்பது. எல்லாமே பயத்தில் பிறந்த கட்டுப்பாடுகள்.

உணர்ச்சி வெளிப்பாட்டு உத்தி என்று சொல்லப்படும் ஒவ்வொன்றும் இந்தக் கட்டுப்பாடுகளில் ஒன்றைப் பிடுங்கிக்கொள்கிறது. ஒன்று நேரத்தைப் பிடுங்கும். ஒன்று தாளைப் பார்க்கும் உரிமையை. ஒன்று விரல்களின் சாமர்த்தியத்தை. ஒன்று ரப்பரை. ஒரு உத்தியைக் கையில் எடுக்கும்போது ‘இது என்னிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறது?’ என்று கேட்டுக்கொண்டால், அதை ஏன் செய்கிறோம் என்பதும் எப்போது நிறுத்தலாம் என்பதும் விளங்கிவிடும். அந்தக் கேள்வி இல்லாவிட்டால் மிஞ்சுவது வேடம். கையை வேண்டுமென்றே நடுங்கவிட்டு, மையைத் தெறிக்கவிட்டு, முகத்தைக் கோணலாக்கி ‘உணர்ச்சிகரம்’ என்று பெயர் சூட்டிக்கொள்வதை ஓவியக் கண்காட்சிகளில் நிறையவே பார்க்கலாம்.

நேரம்

எல்லாவற்றிலும் எளியது, எல்லாவற்றிலும் அதிகம் கற்றுத் தருவது, நேரத்தைக் குறைப்பது. முப்பது நொடி, ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று மாடல் நிலையை மாற்றிக்கொண்டே இருப்பார். கைப்பேசியில் நேரம் வைத்துக்கொண்டால் போதும். முப்பது நொடியில் கண் இமையையும் விரல் நகத்தையும் வரைய முடியாது. அந்த உடல் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதை மட்டும்தான் பிடிக்க முடியும். குனிகிறதா, சாய்கிறதா, எதையாவது தள்ளுகிறதா, சோர்ந்து தொங்குகிறதா? நியூயார்க்கின் ஆர்ட் ஸ்டூடண்ட்ஸ் லீக் பள்ளியில் கற்பித்த கிமோன் நிக்கோலைடஸ் இதை ஜெஸ்ச்சர் பயிற்சி என்று முறைப்படுத்தினார். பொருள் எப்படி இருக்கிறது என்பதை விட்டுவிட்டு அது என்ன செய்கிறது என்பதை வரையச் சொன்னார் அவர். இன்று உலகெங்கும் லைஃப் டிராயிங் வகுப்புகள் குறுகிய நிலைகளோடு தொடங்குவதில் அவருடைய பங்கு கணிசமானது.

அவருக்கும் முன்பே, 1905-ல், ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரில் கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்த நான்கு இளைஞர்கள் ‘பாலம்’ என்ற பொருள்படும் ப்ரூக்க என்ற பெயரில் ஒரு குழுவைத் தொடங்கினார்கள். எர்ன்ஸ்ட் லுட்விக் கிர்ஷ்னர், எரிக் ஹெக்கல், கார்ல் ஷ்மிட்-ரோட்லுஃப், ஃப்ரிட்ஸ் ப்ளைல் என்பவர்கள் அவர்கள். கலைக்கூடங்களில் மாடல் ஒரே நிலையில் நாட்கணக்கில் நிற்பதும் மாணவர்கள் அதை மெருகேற்றிக்கொண்டே இருப்பதும் அவர்களுக்குச் சலித்துவிட்டது. கால் மணி நேரத்துக்கு ஒருமுறை நிலையை மாற்றச் சொல்லி வரைந்தார்கள். அந்தப் படங்களைக் ‘கால் மணி நேர நிர்வாணங்கள்’ என்றே அழைத்தார்கள். கிர்ஷ்னரின் அக்காலக் கோடுகள் கூர்மையாக, அவசரமாக, எங்கும் நின்று மன்னிப்புக் கேட்காமல் ஓடுகின்றன. (அவர்களுடைய உத்தியைத்தான் இங்கே சிபாரிசு செய்கிறேன். குழந்தைகளையும் அவர்கள் நிர்வாண மாடல்களாக வைத்து வரைந்தார்கள். இன்று எந்த வகுப்பும் அதை ஏற்காது, ஏற்கவும் கூடாது.)

குறுகிய நேரத்தில் எங்கே ஆரம்பிப்பது என்பதுதான் எல்லோருக்கும் வரும் சந்தேகம். தலையில் வேண்டாம். முதுகுத்தண்டின் வளைவில் ஆரம்பியுங்கள். கழுத்திலிருந்து இடுப்பு வழியாகப் பாரம் தாங்கும் கால்வரை ஒரே கோடாக இழுத்துவிடுங்கள். பிறகு தோள்களின் சாய்வுக்கு ஒரு கோடு, இடுப்பின் சாய்வுக்கு ஒரு கோடு. ஒருவர் ஒற்றைக் காலில் பாரத்தைப் போட்டு நிற்கும்போது அந்தப் பக்கத்து இடுப்பு மேலே ஏறும், அதே பக்கத்துத் தோள் கீழே இறங்கும். கழுத்துக் குழியிலிருந்து தூக்குநூல் விட்டால் அது பாரம் தாங்கும் கணுக்காலின் அருகில் போய் விழும். இந்த மூன்றும் சரியாக அமைந்துவிட்டால் கண், மூக்கு, விரல் எதுவும் இல்லாமலே உருவம் நிற்கும். இவை தவறிவிட்டால் எவ்வளவு நுணுக்கமான கண்ணை வரைந்தாலும் உருவம் சாய்ந்து விழத்தான் செய்யும்.

சென்னைக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலச் சிலைக் கூடத்தில் திரிபங்கமாக, அதாவது உடல் மூன்று இடங்களில் வளைந்து, நிற்கும் தேவியர் சிலைகளின் முன்னால் நின்று இந்த மூன்று கோடுகளையும் தேடிப் பார்க்கலாம். இடுப்பின் எழுச்சியும் தோளின் இறக்கமும் சோழர் காலச் சிற்பிகளின் கையில் எவ்வளவு தெளிவாக இருக்கின்றன என்பது வரையத் தொடங்கியதும் தெரியும். சிலை அசையாது என்பதால் அதை லைஃப் டிராயிங் என்று சொல்ல முடியாது. ஆனால் உயிருள்ளவர் எதிரே நிற்கும்போது எதைத் தேட வேண்டும் என்பதைக் கண்ணுக்குப் பழக்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

பார்வை

இரண்டாவது உத்தி தாளைப் பார்க்காமல் வரைவது. மாடலின் உடலில் ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுங்கள். காதின் கீழ்நுனி என்று வைத்துக்கொள்வோம். பென்சில் முனை அந்த இடத்தைத் தொட்டுக்கொண்டிருப்பதாக நம்புங்கள். இந்த நம்பிக்கை முக்கியம். நிக்கோலைடஸும் இதை வற்புறுத்தினார். பிறகு கண் விளிம்பின் மீது எறும்பு ஊர்வதுபோல மெல்ல நகரட்டும். கண் நகரும் வேகத்திலேயே கையும் நகரட்டும். தாளை எட்டிப் பார்க்கக் கூடாது. தாடையிலிருந்து கழுத்துக்கு, கழுத்திலிருந்து தோளுக்கு, சட்டைக் காலரின் மடிப்புக்குள் புகுந்து வெளியே வந்து, அப்படியே.

கிடைக்கும் படம் அலங்கோலமாக இருக்கும். மூக்கு காதருகே போயிருக்கும், தோள் தாளைவிட்டு வெளியேறியிருக்கும். சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள். பிறகு கோட்டை மட்டும் தனியாகப் பாருங்கள். நீங்கள் வழக்கமாகப் போடும் வளைவு அதில் எங்கும் இருக்காது. ஒவ்வொரு அங்குலமும் வெவ்வேறாக, எலும்பு தோலுக்கு அருகில் வரும் இடத்தில் விறைப்பாகவும் சதை தளரும் இடத்தில் மெதுவாகவும் போயிருக்கும். மூளையில் சேமித்து வைத்திருந்த ‘மூக்கு’, ‘உதடு’ என்ற அச்சுகளை எடுத்துப் பதிக்க வாய்ப்பில்லாமல் போனதால், கண் உண்மையில் கண்டது மட்டும் தாளில் இறங்கியிருக்கிறது.

சிற்பி ஒகுஸ்த் ரோதான் தம் வாழ்வின் பின்பகுதியில் இதைத் தம் முறையாகவே ஆக்கிக்கொண்டார். பட்டறையில் மாடல்களை ஒரு நிலையில் நிறுத்தாமல் நடக்க, படுக்க, தலைவார, சோம்பல் முறிக்க விட்டுவிடுவார். அவர்களிடமிருந்து கண்ணை எடுக்காமல் பென்சிலை ஓட்டுவார். தாள் தீர்ந்தால் அடுத்த தாள். நல்ல கோடுகளைப் பிறகு வேறு தாளில் எடுத்து, மெல்லிய நீர்வண்ணத்தை ஒரே பூச்சாகத் தடவுவார். வண்ணம் கோட்டுக்குள் அடங்கியிருக்க வேண்டும் என்று அவர் கவலைப்பட்டதாகவே தெரியவில்லை. 1906-ல் கம்போடிய அரசவை நடனக் குழு பிரான்சுக்கு வந்தபோது அவர்களைப் பார்ப்பதற்காகப் பாரீசிலிருந்து மார்செய்வரை பின்தொடர்ந்து போய் வரைந்தார். அந்தப் படங்களில் கைகள் சில இடங்களில் இரண்டு மூன்று நிலைகளில் ஒரே நேரத்தில் இருக்கின்றன. சிற்பத்தில் ஒவ்வொரு தசையையும் அறிந்த ஒரு மனிதர், எழுபதை நெருங்கும் வயதில் அப்படி வரைந்தார்.

முழுக்கப் பார்க்காமல் வரைவது பயிற்சி. பாதி பார்த்து வரைவது படைப்புக்கு உதவும். கோடு ஒரு மூட்டில் வந்து நிற்கும்போது மட்டும் தாளைப் பார்த்துக் கையை இடம் மாற்றிக்கொண்டு, மற்ற நேரமெல்லாம் மாடலையே பார்ப்பது. இந்தக் கலப்பு முறையில்தான் பலருக்கும் முதன்முறையாக ‘இது நான் வரைந்த கோடா?’ என்ற வியப்பு வருகிறது.

விரல்களின் சாமர்த்தியம்

எழுதிப் பழகிய கை விரல்களால் வரைகிறது. விரல்களின் எல்லை சில அங்குலம்தான். அதற்குள் நேர்த்தி நிறைய, வீச்சு குறைவு. இதை உடைக்க பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் செய்ததைச் செய்து பார்க்கலாம். 1930-களின் தொடக்கத்தில், அமெரிக்காவில் பார்ன்ஸ் என்ற சேகரிப்பாளரின் கட்டடத்துக்காக நடனமாடும் பெரிய உருவங்களை வரையும்போது, நீண்ட மூங்கில் கழியின் முனையில் கரியைக் கட்டிக்கொண்டு வரைந்தார். பிற்காலத்தில், நோயுற்றுப் படுக்கையில் கிடந்தபோதும், பிரான்சின் வான்ஸ் ஊர்த் தேவாலயத்துக்கான உருவங்களைக் கழியால்தான் சுவரில் எழுதிப் பார்த்தார். கழியின் மறுமுனையில் இருக்கும் கரி விரலுக்குக் கட்டுப்படாது. தோளும் முதுகும் காலும் சேர்ந்துதான் அதை நகர்த்த வேண்டும். விவரம் தானாகவே உதிர்ந்துவிடும்.

வீட்டில் செய்ய ஒட்டடைக் கம்பு போதும். முனையில் கரித்துண்டைச் சணல் கயிற்றால் கட்டி, தாளைச் சுவரில் ஒட்டி, நின்றுகொண்டு வரையுங்கள். இடம் இல்லாதவர்கள் இடது கையால் வரையலாம் (இடது கைக்காரர்கள் வலது கையால்). ஆனால் ஒரு எச்சரிக்கை. மறுகையால் வரையும் கோட்டின் நடுக்கம் பார்க்க அழகாக இருக்கும். அந்த அழகுக்கு நாம் ஒன்றும் செய்திருக்கமாட்டோம். சிலர் அதிலேயே மயங்கிப்போய் நின்றுவிடுகிறார்கள். மறுகையால் சில படங்கள் வரைந்ததும் பழைய கைக்குத் திரும்பி, அந்த நிதானம் அதிலும் வருகிறதா என்று பார்ப்பதுதான் பயன்.

கரி, அதை அழிப்பது

இங்கே கொஞ்சம் அதிகம் தங்கப் போகிறேன். இந்த உத்திகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது.

ஓவியக் கடையில் இரண்டு வகைக் கரி கிடைக்கும். வில்லோ போன்ற மரங்களின் மெல்லிய குச்சிகளைக் காற்றுப் புகாமல் சுட்டு எடுப்பது ஒன்று. அதன் துகள்கள் தாளின் சொரசொரப்பில் வெறுமனே உட்கார்ந்திருக்கும். விரலால் தட்டினாலே பாதி பறந்துவிடும். கரித்தூளோடு பிசின் சேர்த்து அழுத்திச் செய்வது இன்னொன்று. அது ஆழ்ந்த கறுப்பைத் தரும், ஆனால் தாளைக் கறையாக்கிவிடும், முழுதாக அழியாது. அழித்து வரைவதற்கு முதல் வகைதான் வேண்டும். துணை ஒன்று உண்டு: மாவுபோலப் பிசைந்து எந்த வடிவத்துக்கும் கொண்டுவரக்கூடிய ரப்பர். அது தாளைத் தேய்க்காமல் துகளை ஒற்றி எடுக்கும்.

பள்ளிக்கூட ரப்பர் தவற்றை மறைக்கும் கருவி. கரி ஓவியத்தில் ரப்பர் இன்னொரு பென்சில். ஒரு முழு உருவத்தைக் கரியில் வரைந்து முடியுங்கள். பழைய துணியால் தாள் முழுவதையும் ஒரே வீச்சில் துடைத்துவிடுங்கள். மனம் வராது, துடைத்துவிடுங்கள். சாம்பல் நிறத் தாளில் பழைய உருவத்தின் மங்கிய தடம் தெரியும். அதன்மேல் மறுபடி வரையுங்கள். இந்த முறை எங்கே தவறு என்று அந்தத் தடமே சொல்லும். மறுபடி துடையுங்கள். நாலைந்து முறை துடைத்து வரைந்த பிறகு தாளில் ஒரே உருவத்தின் பல நிலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். மாடல் அசைந்ததும், நீங்கள் தடுமாறியதும், தீர்மானித்ததும் எல்லாம் அதில் இருக்கும்.

இதை எல்லைவரை கொண்டுபோனவர் ஓவியர் ஃபிராங்க் ஆவர்பாக். 1931-ல் பெர்லினில் பிறந்து, 1939-ல் குழந்தையாக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டவர், 2024-ல் காலமானார். 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் அவர் வரைந்த பெரிய கரித் தலைகள் ஒவ்வொன்றும் ஒரே அமர்வில் முடிந்தவை அல்ல. தமக்கு நெருங்கியவர்களை மீண்டும் மீண்டும் எதிரே உட்காரவைத்து, ஒவ்வொரு முறையும் முன்பு வரைந்ததை அழித்துவிட்டு மறுபடி தொடங்கினார். அழித்து அழித்துத் தாள் ஓட்டையாகிவிட்ட இடங்களில் வேறு தாளை ஒட்டித் தைரியமாக மேலே வரைந்திருக்கிறார். கிழிசலும் ஒட்டும் வெளிப்படையாகவே தெரிகின்றன. இருட்டிலிருந்து மெல்ல வெளியே வருகிற அந்த முகங்களில் கருணையும் களைப்பும் இருக்கின்றன. அவற்றை வரவழைக்க அவர் முகபாவத்தை மிகைப்படுத்தவே இல்லை. திரும்பத் திரும்பப் பார்த்ததன் படிவு அது.

அவர் பயின்ற இடமும் குறிப்பிடத்தக்கது. லண்டன் பரோ பாலிடெக்னிக்கில் ஓவியர் டேவிட் பாம்பர்க் நடத்திய லைஃப் டிராயிங் வகுப்பு அது. உருவத்தின் விளிம்பைவிட அதன் பருமனையும் பாரத்தையும் தேட வேண்டும் என்று பாம்பர்க் வற்புறுத்தினார். அந்தக் காலத்தில் பெரிதாக மதிக்கப்படாத ஒரு மனிதர், பெரிதாக மதிக்கப்படாத ஒரு கல்லூரியில் நடத்திய வகுப்பு.

இதையே தலைகீழாகவும் செய்யலாம். வெள்ளைத் தாளில் கறுப்பைச் சேர்ப்பதற்குப் பதிலாக, தாள் முழுக்கக் கரியைப் பூசிக் கறுப்பாக்கிவிட்டு, உடலில் வெளிச்சம் படும் இடங்களை மட்டும் ரப்பரால் எடுப்பது. இதில் விளிம்புக்கோடு என்ற ஊன்றுகோல் அறவே கிடையாது. நெற்றி, தோள்முனை, முழங்கால் என்று ஒளி மட்டும் வந்து உருவத்தைக் கட்டும். பிரெஞ்சு ஓவியர் தெகா 1870-களில் இதற்கு ஒப்பான ஒன்றை அச்சுத் தகட்டில் செய்தார். தகடு முழுவதும் அச்சு மையைத் தடவி, துணியாலும் விரலாலும் துடைத்து எடுத்து, குளிக்கும் பெண்களின் உருவங்களை இருளிலிருந்து வெளியே கொண்டுவந்து, தாளில் ஒற்றி எடுத்தார். ஒற்றை விளக்கு மட்டும் எரியும் அறையில் இந்தப் பயிற்சியைச் செய்தால் பலன் இரட்டிப்பாகும்.

மையும் மெழுகும்

மை, ரப்பரைப் பிடுங்கிக்கொள்கிறது. போட்ட கோடு போட்டதுதான். மூங்கில் குச்சியைச் சாய்வாகச் சீவி, நுனியில் சிறு பிளவு கொடுத்தால் பேனா தயார். இந்தியன் இங்கில் தோய்த்தால் முதலில் தடித்த கறுப்பாக வரும். மை தீரத் தீரக் கோடு வறண்டு, தாளின் சொரசொரப்பில் விட்டுவிட்டுப் போகும். அந்த வறண்ட கோட்டை ஒளி படும் பக்கத்துக்கும் ஈரக் கோட்டைப் பாரம் அழுந்தும் பக்கத்துக்கும் ஒதுக்கிக்கொண்டால் நிழல் போடாமலே உருவத்துக்குக் கனம் வந்துவிடும். (இந்த மையை ஃபவுண்டன் பேனாவில் ஊற்ற வேண்டாம். அதில் அரக்கு இருப்பதால் காய்ந்து அடைத்துக்கொள்ளும்.)

அழிக்காத கோட்டுக்கு எகோன் ஷீலே பெரிய ஆசான். 1918-ல் இருபத்தெட்டு வயதில் ஸ்பானிஷ் ஃப்ளூ காய்ச்சலில் இறந்துபோன வியன்னா ஓவியர். மாடலைப் பார்த்துக் கோட்டை மட்டும் போடுவார், ரப்பர் கிடையாது, வண்ணத்தை மாடல் போன பிறகு நினைவிலிருந்து சேர்ப்பார். ஏணியில் ஏறி மேலிருந்து பார்த்தும் வரைந்தார். மாடல் உட்கார்ந்திருக்கும் நாற்காலியையோ கட்டிலையோ வரையாமல் விட்டுவிடுவதால் உருவம் வெறும் தாளில் அந்தரத்தில் மாட்டிக்கொண்டதுபோல் நிற்கும். பின்னணியை விட்டுவிடுவதும் ஒரு விட்டுக்கொடுத்தல்தான் என்பதை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். தமிழ் வாசகர்களுக்குக் கறுப்பு வெள்ளைக் கோடு என்றதும் கே. எம். ஆதிமூலம் நினைவுக்கு வருவார். காந்தி நூற்றாண்டான 1969-ஐ ஒட்டி அவர் வரைந்த காந்தி உருவங்கள் எதிரே மாடலை உட்காரவைத்து வரைந்தவை அல்ல. ஆனாலும் ஒரு கோடு எங்கே தடிக்கலாம், எங்கே அறுந்துபோகலாம் என்பதை அறிய அவற்றைப் பார்த்துப் பிரதி எடுப்பது நல்ல பாடம்.

மெழுகு சின்ன விஷயம். வெள்ளை மெழுகுவர்த்தியால் உருவத்தின் ஒளிப்பகுதிகளைத் தாளில் தேய்த்து, மேலே நீர்த்த மையைத் தடவினால், மெழுகு பட்ட இடம் மையை ஏற்காமல் வெளுப்பாக நிற்கும். வரையும்போது நீங்கள் போடுவது உங்களுக்கே தெரியாது. ஆங்கிலேயச் சிற்பி ஹென்றி மூர் 1940-41-ல், லண்டன் மீது குண்டு விழுந்த இரவுகளில் சுரங்க ரயில் நிலையங்களில் தஞ்சமடைந்து உறங்கியவர்களை வரைய இந்த உத்தியைத்தான் பெரிதும் கையாண்டார். அந்த மக்கள் எதிரில் நின்று அவர்களை வரைவது அநாகரிகம் என்று கருதி, சில குறிப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு பிறகு நினைவிலிருந்து வரைந்தார். அதையும் பயிற்சியாக்கலாம். மாடலை இரண்டு நிமிடம் வரையாமல் பாருங்கள். அவர் இறங்கி ஓய்வெடுக்கப் போன பிறகு வரையுங்கள். உங்கள் மனம் எதை முக்கியம் என்று வைத்துக்கொண்டதோ அது மட்டும் தாளுக்கு வரும்.

அலங்கோலமா, வெளிப்பாடா?

இதை எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்பார்கள். எனக்கு ஒரே சோதனைதான் உண்டு. அந்த உருவம் எங்கே பாரத்தைப் போட்டிருக்கிறது என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடிகிறதா? முடிந்தால், கை நீண்டிருந்தாலும் முகம் கலைந்திருந்தாலும் கவலையில்லை, வரைந்தவர் பார்த்திருக்கிறார். முடியாவிட்டால், கோடு எவ்வளவு ஆவேசமாக இருந்தாலும் அது மாடலைப் பற்றியது இல்லை, வரைந்தவரைப் பற்றியது. கோல்விட்ஸின் அந்தக் கிறுக்கலை விரலால் தொடர்ந்து போனால் தோளில் தொடங்கி மணிக்கட்டில் சரியாக முடியும்.

ஒரு அமர்வில் ஒரே உத்தியைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். இடது கையால், கண்ணை மூடிக்கொண்டு, குச்சியால், மெழுகின்மேல் என்று எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்தால் எது என்ன செய்தது என்று தெரியாது. குறுகிய நிலைகளில் தொடங்கி, நடுவில் ஒரு உத்தியைப் பிடித்துக்கொண்டு, கடைசியில் இருபது நிமிட நிலை ஒன்றை எந்த விதியும் இல்லாமல் வரைவது நல்ல ஒழுங்கு. அந்தக் கடைசிப் படத்தில், கேட்காமலே, நடுவில் செய்ததின் சாயல் வந்து சேரும்.

மாடலைப் பற்றியும் சொல்ல வேண்டும். லைஃப் டிராயிங் என்றாலே நிர்வாணம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கலைக் கல்லூரிகளில் நிர்வாண மாடல்கள் உண்டு. அது முறையான, மரியாதையான வேலை. ஆனால் மேலே சொன்ன எதற்கும் அது அவசியமில்லை. வேட்டியும் சேலையும் சொல்லப்போனால் உதவிதான். துணியின் மடிப்புகள் எல்லாம் பாரம் இழுக்கும் திசையைக் காட்டிக்கொடுக்கும். வீட்டில் செய்தித்தாள் படிக்கும் அப்பாவையோ, கீரை ஆய்ந்துகொண்டிருக்கும் பாட்டியையோ கேட்டுவிட்டு வரையலாம். யாரும் இல்லாவிட்டால் கண்ணாடி இருக்கிறது. அமர்வு யாரோடு என்றாலும் சில விதிகள் மாறாது. இருபது நிமிடத்துக்கு மேல் ஒரே நிலையில் நிற்கச் சொல்லக் கூடாது. கையைத் தூக்கிய நிலை ஒன்றிரண்டு நிமிடம் தாண்டினால் வலிக்கும் என்று நாம்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும். அனுமதியில்லாமல் புகைப்படம் கூடாது. மாடலின் உடலைப் பற்றிய கருத்து, பாராட்டாக இருந்தாலும், வகுப்பில் வேண்டாம்.

தாளுக்குச் செலவு செய்யத் தேவையில்லை. குறுகிய நிலைகளுக்கு நியூஸ்பிரிண்ட் தாள் போதும்; விலை குறைவு என்பதால் வீணாக்கத் தயக்கம் வராது. அது சீக்கிரம் மஞ்சளாகி நொறுங்கும் என்பதால், அழித்து வரைவதற்கும் நீண்ட நிலைகளுக்கும் கனமான கார்ட்ரிட்ஜ் தாள் வாங்கிக்கொள்ளுங்கள். மெல்லிய தாள் துடைப்பைத் தாங்காது. ஏ2 அளவுக்குக் குறைந்தால் கை மறுபடியும் விரலுக்குள் சுருங்கிவிடும். முடிந்த கரிப் படத்துக்கு ஃபிக்ஸேட்டிவ் (கரி உதிராமல் பிடித்துவைக்கும் ஸ்ப்ரே) அடிக்கும்போது மொட்டைமாடியிலோ வாசலிலோ வைத்து, ஓர் அடி தூரத்திலிருந்து மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை அடியுங்கள். ஒரேயடியாக நனைத்தால் கரி கரைந்து ஓடும். தலைமுடிக்கு அடிக்கும் ஸ்ப்ரே மலிவாகக் கிடைக்கிறது என்று பலர் அதையே அடிக்கிறார்கள். பயிற்சிப் படங்களுக்குச் சரி, நாளடைவில் தாள் மஞ்சளாகும். படங்களை அடுக்கும்போது நடுநடுவே பட்டர் பேப்பர் வைத்துவிட்டால் ஒன்றின் கரி மற்றதில் ஒட்டாது.